தொட்டிக்குப் போகிற கை

சோப்புத் தண்ணீரில் நனைத்த கத்தரி பழைய லாரி டியூபை விரல் வடிவில் வெட்டுகிறது. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, பங்க்சர் சொல்யூஷன் தடவி, காற்றில் ஆட்டி உலர்த்தும் கைகள். நகங்கள் இப்போதுதான் நகத்தின் நிறத்துக்குத் திரும்பியிருக்கின்றன.

ஜெயவேலு பல்லாவரத்துத் தோல் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் சாயம் போட்டவர். சாயம் பிடித்ததா என்று பார்க்க அங்கே ஒரே வழிதான்: கட்டைவிரலை நாக்கில் நனைத்துத் தோலில் தேய்ப்பது, நிறம் விரலில் ஒட்டினால், சற்றுப் பொறுத்து அதே விரலை மறுபடி நாக்கில் நனைத்துத் தேய்ப்பது. சிறுநீரில் ரத்தம் வந்தபோது உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்தார்கள்.

“எடுத்தாச்சேன்னு குந்திடாதே, திரும்ப வரும், மூணு மாசத்துக்கு ஒருதபா குழாய் வுட்டுப் பாக்கணும், பீடியும் சாயமும் தொடாதேன்னாரு டாக்டரு. பீடிய நான் வுட்டேன். சாயத்த வுட இவன் வுட மாட்டேன்றான்.”

ஜெயவேலு சொல்லும் ‘இவன்’ மேஸ்திரி சிட்டிபாபு. ஒரு காலத்தில் அதே தொட்டியில் கூட நின்றவர். போன வருஷம் கப்பலில் போகிற ஏற்றுமதி ஆர்டர் என்று லீவு மறுத்தார். மூன்று மாதம் ஆறு மாதமானது. அடுத்த சோதனையில் உள்ளே புதிதாக ஒரு முளை, சுட்டு எடுத்தார்கள். அன்றிலிருந்து ஜெயவேலு தொட்டியில் இறங்குவதில்லை, ஷெட்டில் தோல் உலர்த்தும் வேலைதான்; ஆஸ்பத்திரிச் சீட்டும் அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை.

சாப்பாட்டு மணிக்குச் சிட்டிபாபு வந்து நின்றார்.

“இன்னா, டியூபு கடை போட்டுக்கினியா? நாளைக்கு கறுப்பு போடணும். நீதான் தொட்டில எறங்கணும்.”

“நாளைக்கு ஆஸ்பத்திரி.”

“குதிர மாதிரி கீறே, இன்னாயா ஆஸ்பத்திரி?”

“போன தபாவும் குதிர மாதிரிதான் இருந்தேன், மேஸ்திரி. உள்ள முளைச்சிகினு இருந்தது வெளிய தெரிஞ்சுதா? கப்பலு இன்னொண்ணு வரும். எனுக்கு மூத்திரப்பை இன்னொண்ணு வருமா?”

“அப்ப கறுப்பு யாரு போடறது?”

கேட்டபடியே சிட்டிபாபு பழக்க தோஷத்தில் கட்டைவிரலை நாக்கில் வைத்து, பக்கத்தில் தொங்கிய தோலில் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுத்தது. மறுபடி வாய்க்குப் போன கையை ஜெயவேலு பிடித்து நிறுத்தினார்.

தொட்டியோரத் தூணில் சிட்டிபாபு என்றோ சாயக் கையை விரித்து ஊன்றிய கறுப்புத் தடம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் காகிதம் வைத்து எடுத்த அளவுதான் இந்த டியூப் கையுறைக்கு. ஜெயவேலு உறையில் தண்ணீரை நிரப்பி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று காட்டி, கவிழ்த்து உதறி, மேஸ்திரியின் கையில் கொடுத்தார்.