வாப்பா பார்த்த கிழக்கு

ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் திசைகளைச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சோற்றுப் பானை தென்கிழக்கில் இருந்தது. செருப்பு வடக்கே பார்த்துக் கிடந்தது. கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால், தெருவில் இறங்கி எந்தத் திசையில் போக வேண்டும் என்று உம்மாவைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்பேன். "ஏட்டி, கடை இருக்க தெசையில போ" என்பாள் உம்மா.

உண்மையில் தென்காசிக்காரர்களுக்குத் திசையைப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவுக்கு வந்தால் குற்றால மலை நிற்கிறது. அது மேற்கு. சாரல் அங்கிருந்துதான் வருகிறது. தொழுகைப் பாயை விரித்தால் உம்மாவின் முகமும் அந்தப் பக்கம்தான். மலையும் மழையும் தொழுகையும் ஒரே பக்கமாக இருந்ததால், உலகத்தில் உள்ள முஸ்லிம்கள் எல்லாருமே மேற்கு பார்த்துத்தான் தொழுவார்கள் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். அதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வாப்பா ஜித்தாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். அந்தத் தடவை மூன்றாவது வருடமும் பாதி ஓடிவிட்டது, முதலாளி லீவு தருவதாக இல்லை. சீசன் முடிவதற்குள் வந்துவிடுவேன், உன்னை ஐந்தருவிக்குக் கூட்டிப் போவேன் என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்வார். சொல்லிச் சொல்லியே போன வருடத்துச் சீசன் முடிந்திருந்தது. இந்த வருடம் அருவியில் தண்ணீர் விழத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு அருவி பெரிதில்லை. வாப்பா வர வேண்டும், அவ்வளவுதான்.

திசை படித்த அந்த வாரம் போன் வந்ததும் அவரையும் சோதித்துப் பார்த்தேன்.

"வாப்பா, நீங்க அங்கன எந்தத் தெச பாத்துத் தொழுவுதீங்க?"

"கிழக்க பாத்துதாம்மா" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என் மார்க்கைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

எத்தனை வருடமாக இப்படித் திரும்பி நின்று தொழுதுகொண்டிருக்கிறாரோ. பக்கத்தில் நிற்பவர்கள்கூடவா சொல்ல மாட்டார்கள்? உம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று மாமாவிடம் போனேன். மாமா உம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். எதையும் தமாஷாகத்தான் சொல்வார், ஆனால் முகத்தைப் பார்த்தால் தமாஷ் என்று தெரியாது.

"மாமா, வாப்பா கிழக்க பாத்துத் தொழுவுதாங்களாம்."

மாமா யாருடைய நோட்டுக்கோ அட்டை போட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "அப்படியா? அதான் லீவு கெடைக்க மாட்டேங்கு" என்றார். அதற்குள் யாரோ ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டு வந்துவிட்டார்கள்.

அவர் அதை அந்த நிமிடமே மறந்திருப்பார். நான் ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் திரிந்தேன். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தவறு முதலாளியிடம் இல்லை. வாப்பா அல்லாஹ்விடம் கேட்கிற துஆ எல்லாம் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவரை ஒரு தடவை திருப்பி நிறுத்திவிட்டால் போதும், மறுவாரமே டிக்கெட் போட்டுவிடுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனை வாங்கியதும் ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"வாப்பா, இனிமே மேற்க பாத்துத் தொழுங்க. அப்பந்தான் லீவு கெடைக்கும்."

வாப்பா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "மேற்க பாத்தா இங்கன கடலுதாம்மா இருக்கு. படத்துல பாரு" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "நெசமாவா கிழக்க பாத்துத் தொழுவுதாங்க?" என்று அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவளும் தென்காசியை விட்டு, கேரள எல்லையில் இருக்கும் புளியறைக்கு அந்தப் பக்கம் போகாதவள்தான்.

மறுநாள் மாமா கடையில் இருந்து அட்லஸைக் கொண்டுவந்தேன். விற்பனைக்கு உள்ளது, மடக்கக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனைகள் போட்டுத்தான் கொடுத்தார். நடுவீட்டில் விரித்து வைத்தேன். உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் எங்கள் ஊரைத் தேடினோம். கன்னியாகுமரி இருந்தது, திருவனந்தபுரம் இருந்தது. "நம்ம ஊரு இல்லையேட்டி" என்றாள் உம்மா ஏமாற்றமாக. நிபந்தனைகளை மறந்து, அந்த இரண்டுக்கும் கொஞ்சம் மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கடலைத் தாண்டிப் போய் மக்காவைக் கண்டுபிடித்தோம். அதன் பக்கத்தில், ஒரு அரிசி வைத்தால் இரண்டும் மறைந்துவிடும் அளவு நெருக்கத்தில், ஜித்தா இருந்தது. மக்காவுக்கு இடது பக்கம். அதற்கும் இடது பக்கம் செங்கடல்.

கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டு பார்த்தேன். நாங்கள் இங்கிருந்து மக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே திரும்ப வேண்டும். வாப்பா ஜித்தாவில் இருந்து மக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கேதான் திரும்பியாக வேண்டும். ஆக எல்லாரும் பார்ப்பது திசையை இல்லை, ஊரை. இவ்வளவு சாதாரண விஷயம் எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

உம்மாவின் தையல் நூலை எடுத்து, எங்கள் பென்சில் புள்ளியில் ஒரு முனையை வைத்து மக்காவரை இழுத்துப் பிடித்தேன். மிச்சம் இருந்த நூல் அப்படியே போய் ஜித்தாவின் மேல் கிடந்தது.

"அப்பம் நாம தொழும்போது..." என்று உம்மா நிறுத்தினாள்.

"வாப்பாவும் நாமளும் நேருக்கு நேரா நிக்கோம்" என்று நான் முடித்தேன். வாப்பாவின் தொழுகை சரியானதுதான் என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உடனேயே அடுத்த கவலை வந்தது. "அப்பம் ஏன் லீவு கெடைக்கல?"

உம்மா நூலைச் சுருட்ட விடவில்லை. மாமாவுக்கு அட்லஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் உம்மா ஒரு விசித்திரமான கேள்வி கேட்டாள். "லுஹர் தொழுகைக்குக் கடைய எத்தன மணிக்கு அடைப்பீங்க?" பன்னிரண்டரைக்கு எல்லாரும் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழ நின்றுவிடுவோம் என்றார் வாப்பா. அவர்கள் கடிகாரம் நம்முடையதை விட இரண்டரை மணி நேரம் பின்னால். உம்மா விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டாள். வாப்பா சாப்பிடும் நேரத்தை விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்தது. வாப்பா வரவில்லை. காலாண்டுப் பரீட்சை லீவில் வீட்டில் கிடந்தபோதுதான் உம்மாவின் குட்டு எனக்குத் தெரிந்தது. மதியப் பாங்கு சொன்னால் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் பாயை விரிக்கிறவள், இப்போது அசையக் காணோம். அடுத்த வீட்டு மாமி தொழுது, சாப்பிட்டு, தூங்கியே போயிருப்பாள். உம்மா பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். மணி மூன்றை நெருங்கும்போதுதான் எழுந்து பாயை உதறுவாள். ஒருநாள் இல்லை, லீவு முழுக்க இதே கதை.

"பாங்கு சொல்லி எம்புட்டு நேரமாச்சு? என்னைய மட்டும் வெரட்டுதீங்க" என்று கேட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் போட்டும்" என்றாள்.

தொழுகையைத் தள்ளிப்போடாதே என்று என் காதைத் திருகுகிற உம்மா இப்படி மாட்டிக்கொண்டதில் எனக்கு ஒரே கொண்டாட்டம். வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருந்து வாப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். "உம்மாக்கு இப்பம்லாம் சோம்பல். பாங்கு சொல்லியும் சும்மா இருக்காங்க. லுஹர் தொழ டெய்லி மூணு மணி ஆவுது."

"மூணுக்கா?" என்றார் வாப்பா. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"உம்மாட்ட போனக் குடு."

குதித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். உம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரே ஒரு தடவை "ம்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்ல திட்டு விழுகிறது என்று எட்டிப் பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு சட்டம், பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் என்று மாமா கடைக்குப் போய்ப் புலம்பினேன். அந்தக் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். பன்னிரண்டரையோடு இரண்டரையைக் கூட்டத் தெரியாதவள் இல்லை. கூட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.