அம்மா சொன்ன பெயர்

ஏழு வயது வரைக்கும் அப்பாவின் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. கூப்பிட வேண்டுமானால் "இஞ்சாருங்கோ." மற்றவர்களிடம் பேசும்போது "பிள்ளையின்ர அப்பா." கட்டியவரின் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஐம்பதுகளில் உருத்திரபுரத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து குடிவந்தபோது, சட்டி பானைகளோடு அதையும் உடையாமல் கொண்டுவந்திருந்தார்.

எனக்கு ஏழு வயதான அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். ஒருநாள் பொழுதுபடும் நேரம் யாரோ முறை தவறி மதகின் பூட்டை உடைத்தார்கள். தடுக்கப் போன காவலாளியின் மண்டையும் உடைந்தது. மறுநாள் காலை பொலிஸ் ஜீப் வந்து வாய்க்காலோரக் காணிக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. அதில் அப்பாவும் ஒருவர். பூட்டு உடைந்த நேரத்தில் அவர் காய்ச்சலில் கிடந்த என் தலைமாட்டில் இருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் காணி மாமி படலையில் நின்று, "ஆரோ பேரைக் குடுத்திட்டாங்கள், பாவியள்" என்று அழுதார். பொலிசுக்குப் பெயரைக் கொடுப்பது எவ்வளவு பெரிய துரோகம் என்று அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். வாசலில் நின்ற இளம் பொலிஸ்காரர் எங்களை வெயிலிலேயே நிற்க வைத்தார். "அவங்கள் மண்டையை உடைக்கிறது, நீங்கள் வந்து அழுகிறது" என்றார். அம்மா அழவில்லை. வெகுநேரம் கழித்து நரைத்த மீசையுடன் ஒரு சார்ஜன்ட் வெளியே வந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது, உள்ளுக்கு வாங்கோ" என்று எங்களுக்குக் கதிரை போட்டார்.

அம்மா கதிரையில் இருக்காமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார்.

"காவலாளியும் இவரைக் கண்டதெண்டு சொல்லேல்லை. உங்கட வாக்குமூலமும் இருந்தால் இண்டைக்கே விடலாம். இல்லாட்டி நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போகவேணும். புருசன்ர பேரைச் சொல்லுங்கோ."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே வந்திருந்த இளம் பொலிஸ்காரர், "பேர் தெரியாத புருசனோ?" என்று சிரித்தார். சார்ஜன்ட் ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"என்ர மனிசியும் சொல்லமாட்டா" என்றார் சார்ஜன்ட் அம்மாவிடம். "ஆனால் நான் சொல்லிக்குடுத்து எழுதினால் அது செல்லாது. பிள்ளை சொல்லட்டும், அது காணும்." பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார். "அப்பான்ர பேர் என்ன, மோனை?"

எனக்கு அப்பாவின் பெயர் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தவள் நான். ஆனால் அன்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் அப்பா நின்றார். அவருடைய ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பெயரைக் கொடுத்ததால்தானே அவருக்கு இந்தக் கதி? மீசைக்காரர் அன்பாகக் கேட்டால் மட்டும் நான் கொடுத்துவிடுவேனா? "சொல்லு பிள்ளை, சொல்லு" என்று அம்மா கெஞ்சினார். தோளைப் பிடித்து உலுக்கினார். சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். நான் அசையவில்லை. அந்த வீரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கடைசியில் அம்மாவே சொன்னார். குரல் எழும்பவில்லை. "கேக்கேல்லை அம்மா" என்றார் சார்ஜன்ட், மன்னிப்புக் கேட்பவர் மாதிரி. இரண்டாம் முறை அம்மா கம்பிக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னார். சொல்லி முடித்ததும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அம்மாமேல் அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் அப்பாவை விட்டார்கள். பஸ்ஸால் இறங்கி வாய்க்கால் கரையால் நடந்தோம். அம்மா நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அம்மா பின்தங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"நான் உங்கட பேரைச் சொல்லேல்லை, அப்பா" என்றேன். "அம்மாதான் சொன்னவா."

தலையைத் தடவி மெச்சுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்பா நின்றார். என் கையை விட்டுவிட்டு, தனியாக வந்துகொண்டிருந்த அம்மாவை நோக்கித் திரும்பி நடந்தார். காட்டிக்கொடுக்காத என்னை விட்டுவிட்டு அங்கே ஏன் போகிறார் என்று விளங்காமல், நான் வாய்க்கால் கரையில் கோபத்தோடு நின்றேன்.