ஊதுவத்தி எரிந்து முடியும்வரை

எனக்குக் கேட்டது. கண்களை மூடியிருந்தேனே தவிர, என் மனைவி கமலா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது!

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு பௌர்ணமி. பிரிக்பீல்ட்ஸ் விகாரையில் வெள்ளை உடுத்தி, எட்டுச் சீலங்கள் என்னும் நோன்பு நெறிகளை ஏற்று அமர்ந்திருந்தேன். கறியில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடும் முன்கோபி நான். பொறுமை பழகத்தான் புத்தரிடம் போனேன். ஏற்றிய ஊதுவத்தி எரிந்து முடியும்வரை, எது வந்தாலும் அசைவதில்லை என்பது எங்கள் தியானக் குழுவின் வழக்கம்.

புகை மிதந்தது. அரசிலைகள் சலசலத்தன... எங்கோ ஒரு ரயில் நீளமாகக் கூவிச் சென்றது. உடம்பே இல்லாதது போல ஒரு மிதப்பு. கன்னத்தில் கொசு கடித்தது, பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கமலா என் காதருகே குனிந்தாள்.

"என்னங்க... அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். என்னையே கேட்டுக்கிட்டு இருக்காங்களாம். கிள்ளானுக்குப் போவணும், எழுந்திரிங்க."

நான் எழவில்லை. இதுவும் ஒரு சோதனை, இதையும் வென்றுவிடு என்றது மனம். கொசுவைப் பொறுத்தது போலவே அவள் குரலையும் பொறுத்தேன். ஐயோ, அந்தக் கணம் எனக்கு இனித்தது!

அவள் டாக்சி பிடித்துப் போயிருக்கலாம். நான் எழுந்துவிடுவேன் என்று நம்பி வாசலிலேயே நின்றாள்.

நாங்கள் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது மாமியாரின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள். கடைசிவரை வாசலையே பார்த்திருந்தாராம். மைத்துனன் சொல்லி அழுதான்.

கமலா என் பக்கம் திரும்பினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேக்கல... தியானத்துல இருந்துட்டேன்."

பொய் சொல்லேன் என்று அன்று காலையில் சீலம் ஏற்ற அதே வாய்!

அவள் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? மாமியார் சாகக் கிடக்கும் செய்திகூட எட்டாத ஆழத்தில் இருந்தாராம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். பொறுமைசாலி என்று விகாரையில் எனக்குப் பெயரும் வந்தது. உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தாங்கமாட்டாதவன் யார்...?

இன்றும் பௌர்ணமி. காலையில் ஊதுவத்தி ஏற்றி அமர்ந்தேன். என்னை யாரும் கலைத்துவிடாதபடி, வழக்கம்போல் கமலா வாசலில் காவல் இருந்தாள். யாரோ என்னைத் தேடி வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க லா" என்றாள் மெல்ல. "அவருக்கு இப்ப எதுவும் கேக்காது."

எனக்குக் கேட்டது. கண்களைத் திறக்கவில்லை.