பாதி லோடு

பால் டேங்கர் ஓட்டும் அந்த மனுஷருக்குப் பண்ணையில் நத்தை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐம்பத்து மூன்று வயது, இருபத்தாறு வருஷ சர்வீஸ், மூக்குக்கு மேல் கோபம்.

இருட்டின பிறகு அவர் வண்டி எடுக்கிறார் என்றாலே முற்றத்தில் இருக்கிறவர்களுக்கு எரிச்சல் வந்துவிடும். முதலில் ஹெட்லைட் இரண்டையும் ஈரத் துணியால் துடைப்பார். அப்புறம் முன் கண்ணாடியை வெளியே, உள்ளே, மறுபடியும் வெளியே. வைப்பர் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். டயர் பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்ப்பார். பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடித்துவிட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிப்பார். மழை ரோட்டில் முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவே ஒரு லாரி ஷெட்டே கட்டலாம், அவ்வளவு இடம் விடுவார். அதில் எவனாவது புகுந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி அதே இடத்தை உண்டாக்கிக்கொள்வார். எதிரே கண் கூசுகிற மாதிரி விளக்குப் போட்டு வருகிறவனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கண்ணை ரோட்டின் ஓரக் கோட்டில் வைத்துக்கொண்டு, அவனை வாயால் மட்டும் கவனித்துக்கொள்வார்.

இவ்வளவும் ஒரு சைக்கிளால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், மழை நாளில், சிவப்பு விளக்கைப் பார்த்து அழகாகத்தான் பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. டேங்கில் பாதி இருந்த பால் நிற்கவில்லை. முன் பக்கம் பாய்ந்து மோதி, நின்ற வண்டியை ஒரு தள்ளுத் தள்ளியது. சக்கரம் சுற்றாமலே லாரி ஈரத் தாரில் நாலு முழம் வழுக்கிப் போயிற்று. முன்னால் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றி நின்ற டீச்சர் சத்தம் கேட்டு ஒதுங்கியதால் பிழைத்தார். சைக்கிளின் பின் சக்கரம் தட்டையாகிவிட்டது. அந்த அம்மா நடுரோட்டில் வைத்துத் திட்டியதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். அவர் பதில் பேசாமல் வாங்கிக்கொண்ட திட்டு அது ஒன்றுதான்.

டேங்க் நிறைய இருந்தால் பால் அசைய இடம் இல்லை. காலியாக இருந்தால் அசைய ஒன்றும் இல்லை. பாதி இருந்தால்தான் ஆபத்து. கழுவ வசதி வேண்டும் என்று பால் டேங்கருக்கு உள்ளே தடுப்பும் வைப்பதில்லை. அன்றிலிருந்து அவர் பேச்சு ஒன்றே ஒன்றுதான். மழையில் லோடு கொடுத்தால் முழுதாகக் கொடு, இல்லாவிட்டால் கொடுக்காதே.

இது தலையில் ஏறாத ஒரே ஆள் லோடு மேனேஜர். அவர் நத்தையின் தங்கை புருஷன் என்பது இரண்டு பேருக்குமே பெரிய தண்டனை. கல்யாணப் பேச்சு நடந்தபோது நத்தை ஒரு தடவை அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனார். இறங்கி வந்து தங்கையிடம், "இந்த ஆளு வளைவுக்குள்ள போய் பிரேக் பிடிக்கறான், வேண்டாம்" என்றார். பிரேக் பிடிப்பதைப் பார்த்தா மாப்பிள்ளையை முடிவு செய்வார்கள்? தங்கை சிரித்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் வாரமே புருஷனிடம் இதை வேடிக்கையாகச் சொல்லியும் வைத்தாள். பதினான்கு வருஷமாக இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். மேனேஜர் மெமோ மேல் மெமோ கொடுப்பார். நத்தை அதைக் கொண்டு கண்ணாடி துடைப்பார்.

நாலு மாசம் சொட்டுத் தண்ணீர் விழாமல் காய்ந்து கிடந்த பிறகு ஒரு சாயங்காலம் தூறல் ஆரம்பித்தது. ஆறே முக்கால் மணி, இருட்டிவிட்டது. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கில் ஆறாயிரம் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். நத்தை அளவுக் குச்சியைப் பார்த்தார். நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"இதை இப்ப எடுக்க முடியாது."

"பாதிதானே இருக்கு மச்சான். வெயிட் கம்மி. இன்னும் நல்லதுதானே?"

"கம்மிங்கறதுதான் மாப்பிள்ளை வம்பு. உள்ள அலையும். அதோட ரோட்டைப் பாருங்க, நாலு மாச எண்ணெயும் தூசியும் அப்படியே கிடக்கு. இப்பத்தான் நனையுது. சோப்பு போட்ட தரை மாதிரி இருக்கும். ரெண்டு மணி நேரம் விடுங்க. நல்லா பேஞ்சு கழுவட்டும், நானே கொண்டு போறேன்."

"எட்டரைக்கு மேல போனா டவுன் டெய்ரிக்காரன் பாலை எடுக்க மாட்டான். இங்க கூலரும் ரிப்பேர். உங்க ரோட்டை மழை கழுவி முடிக்கிற வரைக்கும் பால் கெடாம காத்துட்டு இருக்குமா?"

"கெட்டுப் போகட்டும்."

மேனேஜர் எழுந்துவிட்டார். வாசலில் வாட்ச்மேனும் கணக்கு எழுதும் அம்மாளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரில் தோற்றுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"பயமா இருந்தா வீட்ல போய்ப் படுங்க. நான் ஓட்டாத லாரியா?"

"நீங்க ஓட்டினது செங்கல் லாரி. செங்கல் வச்ச இடத்துல இருக்கும்."

"சாவியைக் குடுங்க."

"தர முடியாது."

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு, இடித்துத் தள்ளாத குறையாக அவரைக் கடந்து போனார்.

பண்ணையிலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில் ரோடு சரிவாக இறங்கும். சரிவு முடிகிற இடத்தில் ரயில்வே கேட். ஏழேகாலுக்கு ஒரு ரயில் உண்டு, கேட் மூடித்தான் இருக்கும். இந்த ஆளோ கடைசி நொடியில் பிரேக் பிடிக்கிற ஆள். நத்தைக்கு எல்லாம் வரிசையாகக் கண்ணில் தெரிந்தது. மாப்பிள்ளை மேல் அவருக்கு எள்ளளவும் பாசம் கிடையாது, அன்றைக்கும் வரவில்லை. தங்கை நினைப்புத்தான் வந்தது. அவள் வீட்டு வாசலில் போய் நின்று அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் அவர்தான், வேறு யாரும் இல்லை.

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நத்தை வண்டிக்குப் பின்னால் போனார். சீல் கம்பியை முறுக்கி அறுத்தார், மூடியைக் கழற்றினார், வால்வைக் கடைசி வரை திறந்தார். கைப்பிடியை உருவி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தார்.

ஆறாயிரம் லிட்டர் பால் முற்றத்தில் இறங்கியது. வண்டி ஓர் அடி நகர்வதற்குள் வாட்ச்மேன் கத்தினார். மேனேஜர் குதித்து இறங்கி ஓடி வந்தார். மூன்றாவது எட்டில் கால் வாரிவிட்டது. இடுப்பளவு நனைந்து பாலுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"வழுக்கறதுன்னா இதான் மாப்பிள்ளை," என்றார் நத்தை.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னபோது மனசுக்கு ரொம்ப நன்றாக இருந்தது என்பதும் உண்மை.

அரை மணி நேரத்தில் வேலை போயிற்று. காகிதத்தை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு, குடையோடு நடந்தே சரிவின் மேல் போய் நின்றார். கார் இறங்கியது, பஸ் இறங்கியது, மூன்று பேர் தொற்றிக்கொண்ட ஸ்கூட்டர்கூட இறங்கியது. எல்லாம் கேட்டருகே ஒழுங்காக நின்று, அடுத்த ரயில் போனதும் போய்ச் சேர்ந்தன. ஒருத்தனாவது லேசாகச் சறுக்க மாட்டானா, ஒரே ஒருத்தன் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தரும் சறுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டு ரோட்டைக் கழுவ ஆரம்பித்த பிறகு வீட்டுக்குப் போனார்.

காலையில் தங்கை வந்தாள். புருஷன் உள்ளே வரவில்லை, தெருவில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அவரைப் பாலுக்குள்ள உக்கார வச்சுப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பறாங்க. பசங்க போன்லயும் வந்துடுச்சு. இவர் ராத்திரி பூரா தூங்கல."

நத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அவர் மேல உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஆகாது. அதுக்காக இப்படியா பழி தீர்ப்பே? அவர் ஓட்டிட்டுப் போயிருந்தா அப்படி என்ன ஆகியிருக்கும்? சொல்லு அண்ணா. எனக்குத் தெரியணும்."

கேட், சரிவு, பால் என்று எல்லாம் தொண்டை வரை வந்தது. எதிரே தங்கையின் முகம். நன்றாகச் சிவந்து, கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் நினைத்துப் பார்த்த முகம் வேறு.

"ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார்.

"அப்புறம் ஏன் பண்ணினே?"

தெருவில் ஹார்ன் சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை நீளமாக. அந்த ஆளுக்கு எதிலும் பொறுமை கிடையாது.

"இருங்க, வரேன்," என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு அவள் திரும்பினாள். "இனிமே என் வீட்டு வாசல்ல கால் வைக்காதே. நானும் இங்க வர மாட்டேன்."

போய்விட்டாள். நத்தை ஜன்னலருகே வந்து நின்றார். அவள் சரியாக உட்காருவதற்குள்ளேயே அந்த ஆள் வண்டியைக் கிளப்பினார். தெருமுனை வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தார். இரண்டு பேரும் முன்னால் குலுங்கி, சமாளித்து, திரும்பினார்கள்.

"வளைவுக்கு முன்னாடி பிடிடா, முட்டாள்," என்று நத்தை ஜன்னல் கம்பியிடம் சொன்னார். ஸ்கூட்டர் சத்தம் பெரிய ரோட்டில் கலந்து கேட்காமல் போகும் வரை அங்கேயே நின்றிருந்தார்.