பழைய பிரவுசருக்கு ஒரு பக்கம்

எங்கள் பக்கத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்து முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். கேட்டவருக்கும் புரிந்துவிடும். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவார். கோயமுத்தூர் மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் இதை வாய் ஓயாமல் புகழ்வார்கள். எனக்கோ அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. முதலாளியோடு சேர்த்து நாலு பேர். பெரும்பாலும் மோட்டார் பம்பு செய்கிறவர்களும் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்களும்தான் வருவார்கள். விசிட்டிங் கார்டில் அச்சடிக்க அவர்களுக்கு ஒரு முகவரி வேண்டும், அவ்வளவுதான். அதைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா என்பதே சந்தேகம். அதனால் நாங்கள் செய்தது யார் கம்ப்யூட்டரில் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று ஒருவரும் கவலைப்பட்டதில்லை.

பிறகு ஒரு நர்சிங் காலேஜ் வந்தது. இன்டர்வியூவுக்கு வர வேண்டியவர்களுக்கு அதுவரை அவர்கள் தபால் கார்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். "கார்டெல்லாம் எதுக்குங்க, இனி எல்லாமே வெப்சைட்டுலதானுங்க" என்று எங்கள் முதலாளி தாளாளரிடம் பேசிப் பேசியே கார்டை நிறுத்த வைத்துவிட்டார். விண்ணப்பத்தின் அடியில் வெப்சைட் முகவரியை மட்டும் அச்சடித்தார்கள். யார் யாருக்கு இன்டர்வியூ, என்றைக்கு என்ற பட்டியலை அதில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைச் செய்தது நான். மவுஸைக் கொண்டு போனால் மெனு வழுக்கிக்கொண்டு இறங்கும், பட்டியல் தானாக விரியும். அப்போது புதிதாக வந்திருந்த பிரவுசர்களில் மட்டும்தான் இந்த வித்தையெல்லாம் நடக்கும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆபீஸ் மூலையில் உறை போட்டு மூடிவைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஒருநாள் சும்மா அதில் திறந்து பார்த்தேன். மெனுவும் இல்லை, பட்டியலும் இல்லை, வெறும் வெள்ளைத் திரை.

முதலாளியிடம் போனேன்.

"சார், பழைய பிரவுசர்ல ஒண்ணுமே தெரியறதில்லைங்க. வெறும் எழுத்தா இன்னொரு பக்கம் தனியாப் போட்டுரலாமுங்களா?"

"பழசையெல்லாம் யாருங்க அம்மணி இப்ப வெச்சிருக்கறாங்க? நாமளே பழசுக்கு ஒரு பக்கம் போட்டுக் குடுத்தா, அப்பறம் எவன் புதுசுக்கு மாறுவான்?"

"ஊர்ப்பக்கம் எஸ்.டி.டி. பூத்துல எல்லாம் பழசுதானுங்க சார் இருக்குது."

அவர் சிரித்தார். "பாக்கலாமுங்க."

நானும் இந்த ஊர்க்காரிதானே. வாயை மூடிக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அந்த வெள்ளைத் திரையில் ஒரு அறிவிப்பு மட்டும் போடச் சொன்னார். உங்கள் பிரவுசர் பழையது, தயவுசெய்து புதியதைப் பயன்படுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. ப்ளீஸ் போடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போட்டேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அடியில் வழக்கம்போல எங்கள் கம்பெனியின் விலாசம்.

பட்டியல் வெளியாகி இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றார். பின்னால் அவர் மகள். கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, நர்சிங் காலேஜு ஆபீசு இதுதானுங்களா?"

நான்காக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார். யாரோ கையால் எழுதியிருந்தார்கள். என்னுடைய இரண்டு வரி, அதற்குக் கீழே எங்கள் விலாசம்.

அவர்கள் ஊரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. மூன்று தடவை போயிருக்கிறார்கள். மூன்று தடவையும் வெள்ளைத் திரையில் அந்த இரண்டு வரிதான். பூத்துக்காரருக்கு விஷயம் புரியாமல் இருந்திருக்காது. ஆனால் தன் மிஷின் பழசு, அதில் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "இன்னும் போடலீங்க போல இருக்குது, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடவை மனசு கேட்காமல், திரையில் இருந்ததைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, இந்த விலாசத்தில் கேட்டுப் பாருங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ப்ளீஸுன்னு போட்டு மரியாதையாத்தானுங்கக்கா எழுதியிருக்கறாங்க. எங்களுக்குத்தான் வெளங்கல" என்றாள் அந்தப் பெண்.

எனக்குக் காது சுட்டது. விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி, என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மெனு அழகாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. பட்டியல் விரிந்தது. அவள் எண் இருந்தது. இன்டர்வியூ புதன்கிழமையே முடிந்திருந்தது.

காலேஜுக்குப் போன் போட்டேன். எடுத்த கிளார்க், "இன்டர்வியூவுக்கு முன்னாடியே பத்து நாளா வெப்சைட்டுல இருந்துச்சுங்களே, அவங்க பாக்காததுக்கு நாங்க என்னங்க பண்றது?" என்றார். அதற்குள் முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர்களை உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்க மாட்டார். பிறகு அந்த மனிதரைப் பார்த்து, "பாக்கலாமுங்க" என்றார்.

அவர் உடனே எழுந்துவிட்டார். டீ கூட இன்னும் வரவில்லை. "செரிங்க, உங்களுக்கெல்லாம் செரமம் குடுத்துப்போட்டமுங்க" என்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. எழுதிய நான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதச் சொன்னவர் நிற்கிறார், ஒன்றுமே செய்யாத மனிதர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

"நீங்க உக்காருங்க" என்றேன் அவரிடம். முதலாளி பக்கம் திரும்பினேன். "பாக்கலாம்னா என்னங்க சார்? முடியும்னா இப்பவே தாளாளரைக் கூப்பிடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு இவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அந்த ஆபீசில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் போனை எடுத்தார். இரண்டு நிமிடம் பேசினார். வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அந்த மனிதரிடம் சொன்னார்: "எடம் வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டாங்களாமுங்க. இந்த வருஷம் முடியாதுங்க."

முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன். கேட்டு என்ன பயன்? போன மாசம் அந்தத் தனிப் பக்கத்தைக் கேட்டபோதே என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். போட்டிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை. அந்தக் கோபம் முழுக்க அவர்மேல் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

டீ வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. பட்டியலில் இருந்த எண்களை எடுத்து, மெனு இல்லாமல், விரிகிற வித்தை இல்லாமல், வெறும் எழுத்தாக ஒரு பக்கம் செய்தேன். முதலாளிக்கு வைத்த டீயில் ஆடை படிவதற்குள் முடிந்துவிட்டது. மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் உறையை இழுத்துப் போட்டு, அதில் திறந்தேன். எண்கள் வரிசையாக வந்து நின்றன.

அந்தப் பெண் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, திரையில் தன் எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"இவ்வளவுதானுங்களாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இவ்வளவுதான் கண்ணு" என்றேன்.