டீசலக்காவின் வண்டியும் ஒரு நீலச் சட்டையும்

டாக்ஸி ஸ்டாண்டில் அவளுக்குப் பெயர் டீசலக்கா. வண்டி வருவதற்கு முன்னால் அதன் புகை வந்துவிடும். "கொசு மருந்து வந்தாச்சு!" என்று மற்ற டிரைவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். "இலவசமாத்தானே அடிக்கிறேன், பேசாம நில்லுங்க" என்பாள்.

ஒருநாள் மேடு ஏறும்போது வண்டி முக்கி முனகி நின்றேவிட்டது. பிஸ்டன் தேய்ந்து இஞ்சின் போயிருந்தது. அவளுடைய அண்ணன் உடனே வந்துவிட்டார்.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு எடு."

"புதுசுல இவரு எப்படிண்ணே ஏறுவாரு?"

ஏணியிலிருந்து விழுந்ததில் அவள் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பழைய வண்டியின் முன் சீட்டும் அவருடைய சக்கர நாற்காலியும் ஒரே உயரம், கதவும் அகலம். கைகளை ஊன்றி ஒரு எம்பு எம்பினால் தானே உள்ளே போய்விடுவார். வழி சொல்வதும் சவாரிக்காரர்களிடம் வாயடிப்பதும் அவர் பொறுப்பு. ஷோரூமில் பார்த்த புது வண்டிகளிலோ அவரை இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. "நீ ஓட்டு, நான் வீட்லயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அவள் நேரே மெக்கானிக்கிடம் போனாள். "தம்பி, இதையே பிரிச்சுப் பூட்டு."

இஞ்சின் இறங்கியது. சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் குடைந்து, புது பிஸ்டன் போட்டார்கள். துடைக்கத் துணி போதவில்லை. கணவரின் பழைய நீலச் சட்டையைக் கிழித்துக் கொடுத்தாள்.

எல்லாம் பூட்டியபின் மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அதே கதை. டீசல் வருகிறது, பேட்டரியும் புதிது. மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. "அப்பவே சொன்னேன்" என்றார் பார்க்க வந்திருந்த அண்ணன். நாற்காலியில் இருந்த கணவர், "விடும்மா" என்றார் மெதுவாக.

சும்மா நிற்க முடியாமல் அவள் தரையில் கிடந்த துணிகளைப் பொறுக்கினாள். காலர் இருந்தது, முதுகு இருந்தது, சட்டைக்கை ஒன்றுதான் இருந்தது.

"தம்பி, இன்னொரு சட்டைக்கை எங்க?"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். தூசி விழக்கூடாதென்று இஞ்சினுக்குள் காற்று போகும் வாயில் அதை அடைத்து வைத்தவர், எடுக்க மறந்து மேலே குழாயைப் பூட்டிவிட்டார். கழற்றினார். பட்டனோடு வெளியே வந்தது.

"நல்லவேளை ஸ்டார்ட் ஆகலக்கா! ஆகியிருந்தா இதை உள்ள இழுத்து, வால்வையெல்லாம் பதம் பாத்திருக்கும்."

"பாத்தியா, நான் இல்லாம வண்டி கெளம்பக் கூடாதுன்னு என் சட்டை அடம் பிடிச்சிருக்கு" என்று கணவர் சிரித்தார்.

இந்தத் தடவை சாவியைத் தொட்டதும் பிடித்தது. பின்னால் புகையே இல்லை. அண்ணன் தூக்கிவிடப் போனார். "கைய எடு மச்சான்!" கணவர் ஊன்றினார், எம்பினார், உட்கார்ந்துவிட்டார்.

டீசலக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். "நீ ஏறு தம்பி. முதல் சவாரி உனக்குத்தான். என்ன சொல்றதுன்னே தெரியல."

"திட்டாம விட்டீங்களே, அதுவே போதும்க்கா."

தெருமுனை வந்தது. "லெஃப்ட்ல திருப்பு" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னா நான் எதுக்கு ஏறினேன்?"

அவள் இடதுபக்கம் திருப்பினாள்.