ஓரம் கரையும் லென்ஸ்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் காவல் இருக்கும் இந்தப் பித்தளைக் குழல், என் அண்ணி வாங்கிய லென்ஸ். இதை வாங்கியதற்காக அண்ணன் ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆம்பூரில் அண்ணன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வெயிலில் உட்கார வைத்து எடுப்பதற்கு அவருடைய பழைய லென்ஸ் போதும். தோல் மண்டிக்காரர் ஒருவரின் மகளுக்குக் காசநோய் முற்றி, மூச்சு இருக்கும்போதே ஒரு படம் வேண்டுமென்று அவள் தாய் சொல்லியனுப்பியபோதுதான் சிக்கல் வந்தது. கோஷா வீடு, பெண்கள் மட்டுமே உள்ளே போகலாம்; அண்ணிதான் எடுக்க வேண்டும். மகளை எடுக்கலாம், மனைவியின் முகம் மட்டும் படத்தில் விழவே கூடாது என்று மண்டிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த அறையின் மங்கலுக்குப் பழைய லென்ஸில் மூடியைத் திறந்து வைத்து முப்பது எண்ண வேண்டும், அதுவரை அசையக் கூடாது. அந்தப் பெண்ணோ பத்து எண்ணுவதற்குள் இருமிவிடுவாள். வேகமான லென்ஸ் மதராஸில் கிடைக்கும், ஆனால் அதற்கு ஸ்டூடியோவையே விற்க வேண்டும்.

சர்ச்சில் படம் காட்டும் மேஜிக் லாந்தர் ஒன்று விளக்கு உடைந்து மூலையில் கிடந்தது. அண்ணி பாதிரியாரிடம் கேட்டு அதைச் சொற்ப விலைக்கு வாங்கி, அதன் லென்ஸைக் கழற்றிக் கேமராவில் பொருத்தினார். வாய் அகன்ற லென்ஸ்; முப்பது எண்ண வேண்டிய இடத்தில் மூன்று போதும். ஆனால் நடுவில்தான் தெளிவு. "ஓரமெல்லாம் கரைஞ்சு போவுது, இத இன்னாத்துக்கு வாங்கினே?" என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் துணைக்குப் போனேன். படம் பதியும் கண்ணாடி பிளேட்டுகள் இரண்டே இருந்தன. முதல் பிளேட்டில், லென்ஸ் மூடியைத் திறந்த கணமே தலையணை சரிந்து பெண் சாய்ந்துவிட்டாள்; அது வீண். தாய் பிடித்துக்கொண்டால்தான் உட்காருவாள். தாய் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தாங்கி, வெள்ளைத் துப்பட்டாவால் தன் முகத்தை மூடப் போனாள்.

"மூடாதீங்க பீபியம்மா. ஓரத்துல நிக்கிறவங்கள இது காட்டிக் குடுக்காது" என்றார் அண்ணி.

மூடியின் மேல் கை வைத்த அண்ணி, திறக்காமல் நின்றுகொண்டே இருந்தார். பெண் இருமத் தொடங்கினாள். இவருக்கு நெஞ்சு கல்லா என்று கோபம் வந்தது எனக்கு. இருமல் ஓய்ந்து அவள் களைத்து அசையாதிருந்த அந்த இடைவெளியில்தான் மூடி திறந்தது.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அண்ணனிடம், ஓரத்தில் வெள்ளையாக என்ன என்று மண்டிக்காரர் கேட்டாராம். மட்டமான லென்ஸ், அதன் கோளாறு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபிறகுதான் அவருக்கு வியர்த்தது.

பெண் அடுத்த மாதமே போய்விட்டாள். சில வருஷம் கழித்து, புர்கா போட்ட ஓர் அம்மாள் ஸ்டூடியோவுக்கு அந்தப் படத்தைக் கொண்டுவந்து இன்னொரு பிரதி கேட்டார். மகள் படம்தானே என்றார் அண்ணி. அந்த அம்மாள் விரலை மகள் மேல் வைக்கவில்லை. ஓரத்து வெள்ளைக் கறை மேல் வைத்தார்.

"இது நான். என் மூஞ்சி உள்ள படம் இது ஒண்ணுதாம்மா."

இப்போது ஸ்டூடியோ அண்ணன் மகன் கையில். அவனுடைய புது லென்ஸ் ஓரத்தில் நிற்பவரின் மூக்குத்திக் கற்களைக்கூட எண்ணிக் காட்டுகிறது. இந்தப் பித்தளையைப் பழைய சாமானுக்குப் போட்டுவிடலாம் அத்தை என்கிறான். நான் இருக்கிறவரை அது நடக்காது என்று சொல்லிவிட்டேன்.